கணக்கு யாருக்குச் சொந்தம்?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பிள்ளைகள் பலர். ஊருக்கு வரும்போது என்னிடம் அவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு: "எத்தனை மணி நேரம் வேலை செய்தேன், எத்தனை தவறு விட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்கிறார்கள், மாமா. நாளைக்கு அதையே காட்டி இன்கிரிமென்டைக் குறைத்துவிட்டால்?"

நியாயமான பயம்தான். ஆனால் அளவில்லாமல் எந்தத் தொழிலும் நடக்காது. முந்தைய வேலைகளின் கணக்கு கையில் இருந்தால்தான் புதிய வேலை எத்தனை நாளில் முடியும் என்று சொல்ல முடியும். அது இல்லாமல் வாய்க்கு வந்த தேதியை ஒப்புக்கொண்டால், கடைசியில் இரவெல்லாம் கண் விழிப்பவர்கள் இதே பிள்ளைகள்தான்.

இத்துறையில் முன்னோடி வாட்ஸ் ஹம்ப்ரி. ஐ.பி.எம்.மில் பல்லாண்டு பணியாற்றிய பின், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தவர். நிறுவனங்களை ஐந்து படிகளாகத் தரம் பிரிக்கும் சி.எம்.எம். முறைக்கு வித்திட்டவர். மோட்டரோலாவின் பெங்களூர்ப் பிரிவு 1993-லேயே ஐந்தாம் படியை எட்டியது. 2000-ல் சென்னையில் ஹம்ப்ரியின் பெயரிலேயே ஒரு தர மையம் தொடங்கப்பட்டது.

ஊழியர் தம் நேரத்தையும் தவறுகளையும் தாமே குறித்து வைத்துத் திருத்திக்கொள்ளும் பி.எஸ்.பி. என்ற முறையையும் அவர் வகுத்தார். தனி மனிதரின் கணக்கு அவருக்கே சொந்தம், அதை வைத்து அவரை எடை போடக் கூடாது என்பது அவர் வற்புறுத்திய விதி. மேலிடத்துக்குக் குழுவின் மொத்தக் கணக்கு போதும். கணக்கு பிரம்பாக மாறினால் ஊழியர் பொய் எழுதுவார்; பொய்க் கணக்கை நம்பித் திட்டம் போடும் நிறுவனமும் ஏமாறும்.

நம் மாவட்டத்துப் பால் சொசைட்டியைப் பாருங்கள். கொழுப்புச் சத்தை அளந்துதான் பாலுக்கு விலை. கண்ணெதிரே அளந்து சீட்டில் எழுதித் தந்தால் மாட்டுக்காரர் ஏற்றுக்கொள்கிறார். உள்ளே கொண்டுபோய் அளந்தால் சந்தேகப்படுகிறார். அங்கே அளவு விலைக்காக, இங்கே திருத்திக்கொள்வதற்காக. ஆனாலும் அளக்கப்படுபவர் அறியாத அளவு எங்கும் எடுபடாது.

மேலாளர்களாக உள்ள நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதை அளக்கிறீர்கள், எதற்காக, யார் பார்ப்பார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் குறித்த தேதிகள் எத்தனை நாள் தள்ளிப்போயின என்ற கணக்கையும் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகள் தாமாகவே உண்மையை எழுதுவார்கள்.