உடலின் படையே மருந்தாகும்போது

சித்தூர், திருப்பதி வட்டாரக் கிளைகளில் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடிக்க வருவோரிடம் காரணம் வினவினால், அண்மைக் காலமாகச் சிலர் கூறும் விடை ‘இம்யூனோதெரபி’. தமிழில் இதனை நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சை எனலாம்.

கீமோதெரபி மருந்து புற்றணுக்களை நேரடியாகத் தாக்குகிறது. இச்சிகிச்சையோ நம் குருதியிலுள்ள ‘டி’ அணுக்களைத் தாக்கவைக்கிறது. அவ்வணுக்கள் நல்ல திசுக்களை அழித்துவிடாதிருக்க, பிடி-1 என்னும் புரதம் வண்டியின் பிரேக் போல அமைந்துள்ளது. தந்திரமான புற்றணு அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பிக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. பிடி-1 புரதத்தைக் கண்டறிந்த ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோவும், வேறொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. கட்டியின் திசுவைச் சோதித்தே மருத்துவர் பல வேளைகளில் முடிவு செய்வார். பிரேக் விலகிய படை சில நேரம் தைராய்டு, நுரையீரல், குடல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும்.

அலிபிரி அருகே டாட்டா அறக்கட்டளையும் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் இணைந்து உருவாக்கிய புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டதால், வேலூர், சென்னைப் பயணம் பலருக்குக் குறைந்துள்ளது. மருந்தின் விலைதான் இன்னும் மலைபோல் நிற்கிறது.

இதற்கு வழிகாட்டியது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு சாராருக்கு மாத்திரைகளுடன் நிவோலுமாப் மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டுமே தரப்பட்டது. வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாத்திரை மட்டும் பெற்றோரில் ஓராண்டு கடந்தும் வாழ்ந்தோர் சுமார் 16 விழுக்காடு. இம்மருந்தும் பெற்றோரில் 43. குறைந்த அளவு தமக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, ஊசிவழி நோயெதிர்ப்பாற்றல் சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டிலிருந்து அறவே விலக்கக் கூடாது என்றது. எனினும் உச்சவரம்பு விதிக்க அது இடமளித்தது. ஐந்து இலட்ச ரூபாய்ப் பத்திரத்தில் இதற்கென ஒரு சிறு தொகையே ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வைப்பு முதிரச் சில மாதங்களே இருப்பின், அதை முடிப்பதைவிட அதன் பேரில் கடன் பெறுவது பெரும்பாலும் இலாபமாக இருக்கும். இரு கணக்கையும் போட்டுத் தருமாறு கிளையில் கேளுங்கள்.