ஏரிக்கரையில் ஒரு படக்கருவி

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலைக் கல்வெட்டே நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர்ச்சபை அமைத்த வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். நீர்நிலையைப் பேணுவதற்கென்றே ஆட்களைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி மாதத்துக் காலைப்பொழுதில் அப்பகுதி ஏரிகளின் கரையில் நின்று பாருங்கள். பனி விலக விலக, நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்கும். கையில் செல்பேசி இருப்பவர் அக்காட்சியைப் படமெடுக்காமல் திரும்புவது அரிது. எடுத்த படம் பிறகு என்னவாகிறது என்பதே நாம் இங்குக் காணவிருப்பது.

வயலோரத்தில் நிற்கும் நத்தைகுத்தி நாரை ஒன்றை ஒரு மாணவி படம் எடுப்பதாகக் கொள்வோம். வீட்டில் இருந்தபடி அவள் மட்டும் பார்த்தால், அது அழகான பறவையின் படம், அவ்வளவே. அதனையே நால்வரிடம் காட்டும்போது படம் வளர்கிறது. நெற்பயிர் செய்யும் பெரியவர், பறவையின் காலடியில் கிடக்கும் உடைந்த நத்தை ஓட்டைச் சுட்டிக்காட்டுவார். ஓவியம் பயின்றவர், பறவைக்குப் பின்னால் குறுக்கே செல்லும் மின்கம்பி கண்ணை இழுக்கிறது என்றும், இரண்டடி தள்ளி நின்றிருக்கலாம் என்றும் கூறுவார். பறவை நோக்குவதில் பழகியவரோ அலகை உற்றுப் பார்ப்பார். வளர்ந்த நத்தைகுத்தி நாரையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். இளம்பறவைக்கு அது இராது. 'இது இவ்வாண்டு பிறந்தது' என்று அவர் சொல்லும்போது, எடுத்தவளே அறியாத செய்தி ஒன்று அப்படத்திலிருந்து வெளிப்படுகிறது. பகிர்தலின் பயன் பாராட்டில் இல்லை. பிறர் கண்களையும் கடன் வாங்கிக்கொள்வதில் இருக்கிறது.

இவ்வகையில் நம் நாட்டுக்கு முன்னோடியாய் விளங்கியவருள் ஒருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் விரும்பியவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தமக்கென ஒரு படக்கருவியை உருவாக்கிக்கொண்டார். அதைச் சுமந்துகொண்டு முதுமலை முதலிய காடுகளில் யானைகளைத் தேடி நடந்தார். படமெடுப்பதோடு அவர் நிற்கவில்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிநாள் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தொகுத்துச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக வெளியிட்டார். புலி, யானை போன்ற பெருவிலங்குகளுக்குக் கொடுத்த மதிப்பை அணிலுக்கும் காக்கைக்கும் அவர் கொடுத்தார். காட்டுக்குச் செல்ல வாய்ப்பற்ற வாசகரும் தம் வீட்டு முற்றத்தைப் புதிதாய்ப் பார்க்கக் கற்றது அதனால்தான் என்று தோன்றுகிறது.

பறவையா, படமா?

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய வேடந்தாங்கல் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அங்கு வந்து பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்க ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு, ஏரியைக் காக்கும் உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

துப்பாக்கி போன இடத்துக்கு இன்று படக்கருவி வருகிறது. அதனால் தீங்கில்லை என்று எண்ணிவிடலாகாது. கூட்டுக்கு மிக அருகில் ஒருவர் சென்றால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். நிழலாக இருந்த அதன் உடல் விலகியதும் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். காத்திருக்கும் காக்கைக்கும் அதுவே தக்க நேரம். காட்சி தெளிவாகத் தெரியவேண்டும் என்று மறைத்திருந்த கிளையை ஒடிப்போரும் உண்டு. ஒருவர் செய்தது ஒரு நாளோடு முடிந்திருக்கும்; ஆனால் அந்தப் படம் பலரிடம் போய்ச் சேர்ந்ததும், அதேபோல் எடுக்க வேண்டும் என்று மறுநாளே பத்துப் பேர் அக்கூட்டைத் தேடி வருவர். இதனால்தான் பல ஒளிப்படப் போட்டிகள் கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை.

செல்பேசி எடுக்கும் படக்கோப்பினுள், நாம் அணைத்து வைக்காவிடில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். கூடு, அரிய உயிரினம் ஆகியவற்றின் படத்தைப் பகிருமுன் அக்குறிப்பை நீக்கிவிடுவது நல்லது. ஊர்ப்பெயரையும் பொதுவாகச் சொன்னால் போதும். தொலைவிலுள்ள பறவை செல்பேசியில் வெறும் புள்ளியாகத்தான் விழும். அதற்காக அருகே ஓடவேண்டியதில்லை. புள்ளியாகவே இருக்கட்டும், நீர்ப்பரப்பும் வானும் கரைமரங்களும் சேர்ந்த அகன்ற காட்சியில் அதுவும் ஓர் உயிர்ப்புள்ளியாகும்.

இடம், நாள், நேரம் குறித்த படம் சான்றாகவும் மாறும். தமிழகத்தில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மாணவர், ஆசிரியர், உழவர் என எவரும் தம் ஊரில் குறைந்தது பதினைந்து நிமிடங்கள் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ஈபேர்ட் என்னும் உலகளாவிய தரவுத்தளத்தில் பதிவு செய்யலாம். ஐயத்திற்குரிய பறவையாயின் சரிபார்ப்போர் விளக்கம் கேட்பர்; அவ்வேளையில் மங்கலான படம்கூடப் பெரிதும் துணைசெய்யும். கலைநோக்கில் தோற்ற படம் ஒன்று, அப்பறவை அவ்வாண்டு அவ்வேரிக்கு வந்ததற்கு ஒரே சாட்சியாக நின்றுவிடுவதும் உண்டு. அரியவற்றை மட்டும் பதிவு செய்வதன்று வழக்கம். அன்று கண்ட காகத்தையும் மைனாவையும் எத்தனை என்று எண்ணி, அவற்றையும் எழுதிய பின்னரே பட்டியல் நிறைவடையும்.