வீட்டுச் சரக்குக்குக் கைக்காசு கொடுங்கள்

வடக்கில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன விடயம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு பெண் பையோடு வருவார். பையில் மிளகாய்த் தூள், ஒடியல் மா, பனங்கட்டி, மோர் மிளகாய் என்று ஏதாவது இருக்கும். "வைத்துவிட்டுப் போங்கோ, வித்த பிறகு காசு தரலாம்" என்போம். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். தெரியாத சரக்கு, விற்குமோ விற்காதோ என்று கடைக்காரர் யோசிப்பதில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் அவருடைய கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மிளகாய் வாங்கிய காசு பல வீடுகளில் நுண்கடன் காசு. தவணை வாங்க வாரம் ஒருமுறை ஆள் வந்து நிற்பார். நாம் காசு கொடுப்பதோ 30 நாள், சில வேளை 45 நாள் கழித்து. 45 நாளுக்குள் ஆறு தவணை வந்து போய்விடும். உழைத்த காசு நம்முடைய கடையில் நிற்க, அந்த ஆறு தவணைக்கும் அவர் எங்கே போவார்? இன்னொரு நிறுவனத்திடம்தான். முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், அதைக் கட்ட மூன்றாவது. சரக்கில் இலாபம் இருந்தும் காசு பிந்தியதால் முறிந்துபோகும் வியாபாரம் இது. புறக்கோட்டைக்குப் பின்திகதிக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு வங்கிக்கு ஓடித் திரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இது எவ்வளவு தூரம் போனது என்பது 2018ஆம் ஆண்டில் நாட்டுக்கே தெரிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் நுண்கடன் நிறுவனங்களிடம் பெற்று, கட்ட முடியாமல் நின்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசே அறிவிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை போயிருப்பதாகக் குறிப்பிட்டார். எந்த மளிகைச் சரக்கில் இந்த வட்டிக்கு இலாபம் கிடைக்கும்?

2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினரை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. திரும்பிப் போன பல வீடுகளில் உழைக்கும் ஆண் இல்லை. வடக்கு கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று 2010இல் அரசு தரப்பிலேயே சொல்லப்பட்டது. இவர்களுக்கு வாழ்வாதார உதவி என்ற பெயரில் கோழியும் ஆடும் தையல் இயந்திரமும் வந்தன. நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள்தான். ஆனால் ஒரே ஊரில் பத்து வீட்டுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் தைக்கக் கொடுப்பவர் யார்? எல்லா வீட்டிலும் கோழி நின்றால் முட்டை என்ன விலைக்குப் போகும்? வியாபாரி ஒருவரைக் கேட்டிருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்.

அதே நேரத்தில் ஏ9 பாதை வழியாகத் தென்பகுதிக் கம்பனி லொறிகள் வரத் தொடங்கின. அழகான பைக்கற்று, கழிவு, கடன் வசதி எல்லாம் தந்தார்கள். நாமும் எடுத்தோம். எடுக்காமல் இருக்க முடியாது, வாடிக்கையாளர் கேட்கிறார். ஆனால் கம்பனிக்குத் தவணை தவறாமல் கட்டும் நாம், வீட்டுச் சரக்குக்காரியைத்தான் காக்க வைக்கிறோம். அவர் சத்தம் போடமாட்டார், சரக்கை நிறுத்தவும் மாட்டார் என்பது நமக்குத் தெரியும்.

கடை என்பது கைமுதலால் மட்டும் நிற்பதில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. 1996இல் வெறுங்கையோடு திரும்பி வந்து கடை திறந்தவர்கள் பலர், மொத்த வியாபாரிகள் முகம் பார்த்து நம்பிக் கொடுத்த சரக்கில்தான் எழுந்தார்கள். அந்த நம்பிக்கை கிடைக்காதவர்களின் கதியையும் நம்முடைய கடைத்தெரு கண்டது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். இரும்புக்கடை, புடவைக்கடை, நகைக்கடை வைத்திருந்தவர்கள் அவர்களில் பலர். புத்தளம் போன பின் எத்தனையோ பேர் உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்கு நின்றார்கள். தொழில் தெரியாதவர்களல்லர். கைமுதலும் போய், அறிந்தவர் தெரிந்தவர் என்ற அறிமுகமும் போனது.

ஒழுங்காக வாங்க ஓரிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் ஓர் உதாரணம். தொழிலாளி இறக்கும் கள்ளைச் சங்கம் அளந்து எடுத்துத் தவறணையில் விற்கிறது. வாங்குபவரைத் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. சங்கங்களில் குறை இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஒழுங்கு முக்கியம்.

2022 நெருக்கடி இந்த வீடுகளை இன்னொரு முறை அடித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. முன்பு ஒரு மூட்டை செத்தல் வாங்கிய காசுக்கு அரை மூட்டைகூட வராத நிலை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும், சிறு படகுக்காரர் கடலுக்குப் போவதே கேள்வியானது. அதோடு கரையில் கருவாடு போடும் பெண்களின் வேலையும் குறைந்தது.

நாம் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. 20 கிலோவைக் கடனுக்கு வைப்பதைவிட 5 கிலோவைக் கைக்காசுக்கு எடுங்கள். விற்குமோ என்று சந்தேகமானால் பாதிக் காசை உடனே கொடுத்து, மீதியை அடுத்த வாரம் அவர் வரும் நாளில் கொடுங்கள். வாரத் தவணைக்கு அது பொருந்தும். நிறை, விலை, பொதி செய்த திகதி, முடிவுத் திகதி இல்லாத பைக்கற்றைத் திருப்பிவிடாமல், எப்படி ஒட்டுவது என்று சொல்லிக் கொடுங்கள். மொத்த வியாபாரிகள் செத்தலையும் மல்லியையும் 10 கிலோ கேட்டாலும் மூட்டை விலைக்கே கொடுத்தால், அவருடைய அடக்க விலை உடனே இறங்கும்.

ஒடியல் மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாரியில் ஈரம் பிடித்து வண்டு வைக்கும். ஒக்டோபருக்குப் பிறகு குறைவாக எடுங்கள், அடிக்கடி எடுங்கள். நம்முடைய இறாக்கையில் கிடந்து பழுதான சரக்கை ஜனவரியில் அவர் தலையில் கட்டாதீர்கள்.