மூன்று மாத சுகரில் தெரியாதது

கடலூருக்குப் பக்கத்து ஊர்தான் புதுச்சேரி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி அங்கே பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; தமிழ்நாட்டில் 14.4. கடலூரிலோ சிதம்பரத்திலோ வீட்டுக்கு ஒரு மாத்திரை டப்பா இருப்பது இன்று யாருக்கும் வியப்பில்லை.

அந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஒரே அசதியா இருக்கு, தூக்கம் பிடிக்கல, சோறு இறங்கல." சுகர் ஏறியிருக்கும் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஏறியிருக்கலாம். ஆனால் மனச்சோர்வின் அறிகுறிகளும் அச்சு அசலாக இவையே; மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. ஒரு நோய் இன்னொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறது.

சிறுநீரில் தேன்போன்ற இனிப்பு இருப்பதைக் குறித்துவைத்த 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட துயரம் இந்நோயைக் கொண்டுவரும் என்று எழுதினார். பாதி சரி. மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடும். அது கல்லீரலைச் சர்க்கரையை வெளிவிடச் சொல்லும், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். மறுபாதியை வில்லிஸ் சொல்லவில்லை: சர்க்கரை நோயாளிக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கால் எரிச்சல், மங்கும் பார்வை, இரவில் நாலு முறை எழுந்திருப்பது, அதற்கு மேல் "வாயைக் கட்டு" என்ற உறவினர் உபதேசம். கண், நரம்பு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் சோர்வு இன்னும் அதிகம் என்று சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வும் காட்டியது.

தற்கொலை அபாயமும் சர்க்கரை நோயாளிகளிடம் ஓரளவு கூடுதலாகவே காணப்படுகிறது. பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். "உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதற்குச் சான்று இல்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பல நேரம் ஆறுதலே கிடைக்கிறது.

சரி, கேட்டபின் என்ன செய்வது? சென்னை உட்பட நாட்டின் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில், சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வந்தது. மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியிடம் தொடர்ந்து பேசினார், மாத்திரையையும் மனதையும் சேர்த்தே விசாரித்தார். நீரிழிவு மருத்துவரும் மனநல மருத்துவரும் அவ்வப்போது அவரோடு உட்கார்ந்து நிலைமையை அலசினார்கள். சோர்வு பாதியாவது குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. எனக்கு இதில் பிடித்தது, புது மருந்து எதுவும் இல்லாததுதான்.

2021 முதல் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை தருபவரே தூக்கத்தையும் மனதையும் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம். பதில் கவலை தருவதாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.