கரையில் ஒதுங்கிய சருகு

என் மகன் பிரான்சு நாட்டின் தென்கரையில் பணிபுரிகின்றமையால், அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மத்தியதரைக் கடற்கரை என்றதும் உல்லாச விடுதிகளே பலருக்கும் நினைவில் எழும். நான் நாடிச் சென்றவையோ ஆரவாரமற்ற கரைகள்.

இயேர் நகரின் அருகே அல்மனார் என்னும் நீண்ட மணற்கரை உண்டு. தை மாதக் காலையில் அங்கே ஆள் நடமாட்டம் அரிது. கரை நெடுகப் பழுப்புநிறச் சருகுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பள்ளி வளாகத்தைப் பெருக்கச் சொல்லியே காலங்கழித்தவனுக்கு நா சும்மா இருக்குமா? "இத்துணைச் செல்வமுள்ள நாட்டில் கரையைக் கூட்டுவார் இல்லையா?" என்று மகனைக் கேட்டேன். அவன் நகைத்துவிட்டு விளக்கினான்.

அவை பொசிடோனியா என்னும் கடற்புல்லின் இலைகள். இதனைப் பாசி எனக் கருதுதல் பிழை. வேரும் பூவும் கனியும் உடைய தாவரம் இது; மத்தியதரைக் கடலுக்கே உரியது. ஒளி புகும் தெளிந்த நீரில், ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை புல்வெளியாய்ப் படர்ந்து, மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாகிறது. இலையுதிர் காலத்தில் உதிரும் இலைகளை அலைகள் கரை சேர்க்கின்றன. ஏற்றவற்றம் மிகக் குறைந்த கடலாதலால் அவை நெடுநாள் அங்கேயே கிடக்கின்றன. புயலலை முதலில் இச்சருகு மேட்டில் மோதி வலுவிழக்கிறது, மணல் தப்புகிறது. எந்திரங்கொண்டு வாரினால் சருகோடு மணலும் போய்விடும். நான் குப்பையென்று கண்டது கரையின் மதில்! கடலடியில் இப்புல்லைப் படகின் நங்கூரம் பெயர்த்துவிட்டாலோ, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும் அது மீண்டும் அவ்விடத்தை மூட ஒருவர் ஆயுள் போதாது.

மார்சேய் நகரின் தெற்கே சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே கடல் புகுந்த குறுகிய குடாக்களைக் 'கலாங்க்' என்பர். 2012ஆம் ஆண்டில் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அவற்றுள் சுஜிதோன் என்னும் சிறு குடாவுக்குக் கோடையில் ஒரே நாளில் 2,500 பேர்வரை வந்ததுண்டு. அத்தனைபேரும் அமைதி தேடி வந்தவர்களே! அவர்தம் காலடியில் மண் அரித்துப் பைன் மரவேர்கள் வெளிப்பட்டன, இளங்கன்றுகள் மிதியுண்டன. ஆகவே 2022 முதல், கோடையின் நெரிசல் நாட்களில் 400 பேர் மட்டுமே முன்பதிவு செய்து இறங்கலாம் என வரம்பிட்டனர், கட்டணம் இல்லை.

நான் சென்றது குளிர்காலமாதலால் அனுமதி வேண்டியிருக்கவில்லை. பாறை வழியே மெல்ல இறங்கினேன். பாதையின் குறுக்கே கிடந்த வேர்களை மிதியாமல் தாண்டித் தாண்டிச் சென்றதில், அன்றிரவு முழங்கால் வலி உறங்கவிடவில்லை.