உள்பாவாடை இடுப்புத் திருத்தம்

உள்பாவாடை இடுப்புத் திருத்தம் என்பது, சேலைக்கு உள்ளே அணியப்படும் பாவாடையின் இடுப்புப் பகுதியைப் பிரித்து, அது உடலை இறுக்காத வகையில் மாற்றித் தைக்கும் வேலை ஆகும். மெல்லிய நாடாவால் ஏற்படும் அழுத்தத்தை அகலமான பரப்பில் பரவச் செய்வதே இதன் முதன்மை நோக்கம். அணிபவரின் வசதிக்காக மட்டுமன்றி, இடுப்புத் தோலின் நலனுக்காகவும் இத்திருத்தம் செய்யப்படுகிறது.

அமைப்பு

உள்பாவாடை பொதுவாக நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருக்கும். மேல் விளிம்பு உள்நோக்கி மடித்துத் தைக்கப்பட்டு, அம்மடிப்பினுள் நாடா நுழைக்கப்படுகிறது. ஒரு பக்கத்தில் சிறு திறப்பு விடப்பட்டு, அங்கு நாடா முடிச்சிடப்படுகிறது. சேலையின் சுற்றும் கொசுவமும் இவ்விடுப்பில்தான் செருகப்படுகின்றன. எனவே சேலையின் எடையைத் தாங்குவதற்காக நாடாவை இறுக்கிக் கட்டும் வழக்கம் உள்ளது.

இறுக்கத்தின் விளைவுகள்

ஒரே இழுவிசையில் கட்டப்படும்போது, பட்டியின் அகலம் கூடக் கூட அழுத்தம் குறைகிறது. 1 செ.மீ. அகலமுள்ள நாடாவுக்குப் பதிலாக 4 செ.மீ. அகலமுள்ள பட்டி இருந்தால், தோலின் மீதான அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும்.

நாடா நாள்தோறும் ஒரே இடத்தில் அழுத்துவதாலும், அங்கு வியர்வை தேங்கி உராய்வு ஏற்படுவதாலும் இடுப்பைச் சுற்றித் தோல் கருத்தல், அரிப்பு, தோல் உரிதல் ஆகியவை தோன்றலாம். பல ஆண்டுகள் நீடித்தால் புண் உண்டாகலாம். நெடுநாள் ஆறாத புண் மிக அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறுவதும் உண்டு. இவ்வாறு பழைய புண்ணிலோ தழும்பிலோ தோன்றும் புற்று 'மார்ஜோலின் புண்' எனப்படும்.

இடுப்பில் உடையை இறுக்கிக் கட்டுவதால் வரும் இவ்வகைப் புற்றுநோயை 'வேட்டிப் புற்றுநோய்' என்னும் பொருள்படும் பெயரில், கானோல்கர், சூர்யாபாய் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 1945 இல் விவரித்தனர். 2024 இல் மகாராட்டிரம், பீகார் மாநில மருத்துவர்கள், இடுப்பில் இத்தகைய புண் ஏற்பட்ட இரு முதிய பெண்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் உள்பாவாடை இன்றிச் சேலையையே இடுப்பில் இறுகக் கட்டியவர். ஆகவே இங்கு காரணம் உடையின் வகை அன்று, கட்டின் இறுக்கமே என்பது விளங்கும்.

அளவெடுத்தல்

உட்காரும்போது வயிறு முன்தள்ளுவதால் இடுப்பின் சுற்றளவு கூடுகிறது. எனவே நின்ற நிலையில் மட்டுமன்றி, உட்கார்ந்த நிலையிலும் அளவெடுத்துப் பெரிய அளவைக் கொள்ள வேண்டும். அளவு நாடாவுக்கும் உடலுக்கும் இடையே இரு விரல்கள் எளிதில் நுழைய வேண்டும்.

திருத்தும் முறைகள்

1. அகலப் பட்டி வைத்தல்: நாடா மடிப்பு பிரிக்கப்பட்டு, 4 செ.மீ. அகலமுள்ள இரட்டைப் பட்டி இணைக்கப்படுகிறது. இதற்கு 10 செ.மீ. அகலத்தில் பருத்தித் துணி வெட்ட வேண்டும். இதில் 2 செ.மீ. தையலுக்கு உரியது. இடுப்பளவு 80 செ.மீ. எனில், ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு 5 செ.மீ., தையலுக்கு 2 செ.மீ. சேர்த்து 87 செ.மீ. நீளம் தேவை. பட்டி நீண்டு தளராதிருக்கத் துணியின் பாவு நூல் நீளவாட்டில் அமைய வேண்டும். கொக்கிகளுக்கான வளையங்களை இரண்டு வரிசைகளாக வைத்தால், உணவுக்குப் பின்னரும் பயணத்தின்போதும் தளர்த்திக்கொள்ளலாம்.

2. பின்புறம் எலாஸ்டிக் வைத்தல்: முன்பாதியில் பட்டியும் பின்பாதியில் அகலமான எலாஸ்டிக்கும் வைக்கப்படுகின்றன. 40 செ.மீ. பின்பாதிக்கு ஏறத்தாழ 35 செ.மீ. எலாஸ்டிக் போதுமானது. சுற்றிலும் எலாஸ்டிக் மட்டும் வைத்தால், சேலையின் எடையால் பாவாடை கீழிறங்கக்கூடும்.

3. தையல் விளிம்பைத் தளர்த்துதல்: இடுப்புத் துணியே போதாதபோது இது பயன்படுகிறது. ஆறு துண்டுப் பாவாடையில் ஒவ்வோர் இணைப்பிலும் இருபுறமும் 0.5 செ.மீ. விட்டால், மொத்தம் 6 செ.மீ. கூடும். உட்புறம் போதிய விளிம்பு இல்லையெனில், பக்கத் தையலைப் பிரித்து முக்கோணத் துண்டு இணைக்கலாம்.

4. முடிச்சின் அடியில் துணி வைத்தல்: நாடாவை நீக்க விரும்பாதவர்கள், திறப்பின் உட்புறம் மென்மையான பருத்தித் துண்டைத் தைத்து, முடிச்சு தோலில் படாமல் காக்கலாம்.

சிறுமியரின் பாவாடையில் கையில்லாத மேலுடலைச் சேர்த்துத் தைப்பதும் உண்டு. அப்போது பாவாடையின் எடையைத் தோள்கள் தாங்குவதால், இடுப்பை இறுக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

வழுக்கும் துணியைவிடப் பருத்தித் துணி சேலையை நன்கு பிடித்துக்கொள்வதால், தளர்வாகக் கட்டினாலும் கொசுவம் எளிதில் நழுவாது. புதிய பருத்தித் துணி சுருங்கக்கூடியது ஆதலால், பட்டிக்கான துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். பாவாடையைக் கழற்றிய பின்னர் தோலில் ஆழமான தடம் நெடுநேரம் மறையாதிருந்தால், அது இன்னும் இறுக்கமாகவே உள்ளது எனக் கொள்ளலாம்.

இடுப்பில் ஆறாத புண் இருப்பவர்களுக்குப் பாவாடையைத் திருத்துவது மட்டும் போதாது; மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது.