ஜீன்ஸ் தொடையில் மாட்டுகிறதா? தவறு உங்கள் உடலில் இல்லை!

உடைமாற்றும் அறையில் "நான் குண்டாயிட்டேனோ?" என்று கவலையா? ஒரே '28' அளவு கடைக்குக் கடை மாறும். எண்ணை நம்பாதீங்க, இடை, இடுப்பு, தொடையை அளந்துட்டுப் போங்க.

- இடுப்பு, தொடை அகலமா? அவற்றுக்குச் சரியாக இருப்பதை வாங்குங்கள். தையல்கடையில் இடையை மட்டும் பிடித்துத் தைக்கலாம். தொடையில் துணி போதாவிட்டால் தையல்காரராலும் ஒன்றும் செய்யமுடியாது.

- வயிறு பெரிதா? தொப்புள்வரை வரும் 'ஹை-வேய்ஸ்ட்' வயிற்றை நடுவில் அழுத்தாது.

- உயரம் குறைவா? கணுக்காலில் முடியும் நேரான கால்பகுதி எடுப்பாக இருக்கும்.

அறையிலேயே உட்கார்ந்து பாருங்க. நிற்கும்போது சரியாக இருப்பது உட்காரும்போது இறுக்கலாம்.

பட்ஜெட் குறைவா? சால்வேஷன் ஆர்மி போன்ற அமைப்புகளின் பயன்படுத்திய பொருள் கடைகளில் தேடலாம். பலமுறை துவைத்த ஜீன்ஸ் இனி அதிகம் சுருங்காது!